'இருபத்தைந்து இருபத்தொன்று': ஹிதோவும் இஜினும் பிரிந்ததற்கு யார் பொறுப்பு? (கதை முழுவதும் பேசப்படும்)

பிற்பகல் மழை:

இன்னும் பார்த்து முடிக்காதவர்கள் இங்கேயே திரும்பிவிடுங்கள். கடைசி எபிசோடு வரை எல்லாவற்றையும் போட்டு உடைக்கப்போகிறேன்.

2022 பிப்ரவரி 12 முதல் ஏப்ரல் 3 வரை கொரியாவின் டிவிஎன் சேனலில் சனி, ஞாயிறுகளில் ஓடி, நெட்ஃப்ளிக்ஸ் வழியாக நம் வீட்டுக்கும் வந்த தொடர். பதினாறு எபிசோடுகள். வாள்வீச்சு வீராங்கனை நா ஹிதோவாக கிம் தேரி, பேக் இஜினாக நாம் ஜூஹ்யோக். நான் இந்த இழையைத் தொடங்கக் காரணம், கடைசி இரண்டு எபிசோடுகளை நம் ஆட்கள் திட்டுகிற விதம். 'நன்றாகப் போய்க்கொண்டிருந்த கதையில் செப்டம்பர் 11-ஐக் கொண்டுவந்து போட்டு, நிருபரான இஜினை நியூயார்க்குக்குச் செய்தி சேகரிக்க அனுப்பிப் பிரித்துவிட்டார்கள்' என்று எங்கு போனாலும் ஒரே புலம்பல்.

இவர்கள் தொடக்கத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் சொல்வேன். அப்பாவின் கம்பெனி திவாலாகி, கடன் கொடுத்தவர்கள் வந்து இஜினைச் சூழ்ந்துகொள்ளும் காட்சியை நினைத்துப் பாருங்கள். இனி ஒருபோதும் சந்தோஷமாக இருக்க மாட்டேன் என்று அவர்களிடம் தலைகுனிந்து வாக்குக் கொடுக்கிறான். இருபத்திரண்டு வயதுப் பையன், கடனுக்கு ஈடாக அதை எழுதிக் கொடுக்கிறான். அதற்கு ஹிதோ சொல்லும் மாற்று என்ன? நாம் இருவரும் சேர்ந்திருக்கும்போது மட்டும் யாருக்கும் தெரியாமல் சந்தோஷமாக இருந்துகொள்வோம் என்கிறாள். பள்ளிக்கூடத்துக் குழாய்களை மேல்நோக்கித் திருப்பி, தண்ணீரைப் பீய்ச்சியடிக்க விட்டு, அதன் நடுவில் நின்று சிரிப்பார்கள். நாமும் சேர்ந்து சிரித்தோம். ஆனால் அந்த ஒப்பந்தத்தில் சந்தோஷத்துக்கு மட்டும்தான் பங்கு உண்டு. துக்கம் வந்தால் என்ன செய்வது என்று இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை.

துக்கம் வந்தபோது அவன் சொல்லாமல் கொள்ளாமல் போஹாங் என்ற ஊருக்குப் போய்விடுகிறான். ஹிதோ பாட்டுக்கு அவனுடைய பேஜருக்குக் குரல் செய்தி விட்டுக்கொண்டே இருக்கிறாள். அவன் தொலைபேசிக் கூண்டில் நின்று கேட்டுக்கொள்கிறான், பதில் சொல்வதில்லை. அந்தப் போஹாங்தான் பிற்பாடு நியூயார்க் ஆகிறது. ஊர் மாறியதே தவிர ஆள் மாறவில்லை.

என் கட்சி இதுதான்: அவர்களைப் பிரித்தது விமானத் தாக்குதல் அல்ல. கஷ்டம் வந்தால் கதவைச் சாத்திக்கொள்ளும் இஜினின் சுபாவம். வாருங்கள், சண்டை போடலாம்.

கடைசி பெஞ்ச்:

சண்டைக்கு நான் தயார் அக்கா. நீங்கள் சொல்வது பாத்திரத்தைப் பற்றியது. எனக்குக் கோபம் கதை சொன்ன விதத்தின் மேல்.

தொடரே 2021-இல், நாற்பது வயது ஹிதோவின் மகள் மின்சே அம்மாவின் பழைய நாட்குறிப்பைக் கண்டெடுப்பதில்தான் தொடங்குகிறது. அந்தப் பெண்ணின் குடும்பப் பெயர் கிம். கொரியாவில் பிள்ளைக்கு வழக்கமாக அப்பாவின் குடும்பப் பெயர்தான் வரும். பேக் வீட்டுப் பிள்ளைக்குக் கிம் என்று எப்படி வரும்? சரி, அப்பா இஜின் இல்லை என்று நேர்மையாகச் சொல்லிவிட்டுக் கதையை நடத்தியிருக்கலாம். அதைச் செய்யாமல், கணவரைக் கண்ணில் காட்டாமல் மறைத்து, 'ஒருவேளை இருக்குமோ' என்று வாரா வாரம் ஆசை காட்டினார்கள். ரசிகர்கள் என்னென்ன கணக்குப் போட்டார்கள்! இஜின் பெயரை மாற்றிக்கொண்டான் என்றார்கள், மின்சே தத்துப் பிள்ளை என்றார்கள். பிரிவு பிடித்திருக்கிறதா இல்லையா என்பது வேறு. எட்டு வாரம் என்னைத் துப்பறியும் வேலை பார்க்க வைத்துவிட்டு, கடைசியில் 'இது வாழ்க்கையைப் பற்றிய கதை' என்று கையை விரித்தால் எப்படி?

கோலப்பொடி:

நானும் அந்தக் கணக்குப் போட்டவள்தான் தம்பி. என் மருமகள் முதல் வாரமே சொல்லிவிட்டாள், 'அத்தை, அந்தப் பெண்ணின் பெயரைப் பாருங்கள், சேர மாட்டார்கள்' என்று. நான் கேட்கவில்லை. கடைசி எபிசோடு முடிந்ததும் இரண்டு பேரும் பேசாமல் சமையலறைக்குப் போய்விட்டோம்.

வாள்முனை:

மகளின் பெயர் விஷயத்தில் கடைசி பெஞ்ச் அண்ணன் பக்கம்தான் நான். அதைவிட எனக்கு வலித்தது வேறு இடம். ஹிதோ, இஜின், நண்பர்கள் என்று ஐந்து பேரும் கடற்கரைக்குப் போவார்களே, அந்தப் பயணத்தைப் பற்றி மின்சே கேட்கும்போது, பெரியவளான ஹிதோ அப்படி ஒன்று நடந்ததாகவே ஞாபகம் இல்லை என்கிறாள். ஒரு எபிசோடு முழுக்க எங்களைக் கடலில் குளிக்க வைத்துவிட்டு, ஞாபகம் இல்லையாம்! அன்றிரவு இணையம் கொதித்தது.

இன்னொன்று. நான் பள்ளியில் கொஞ்ச காலம் வாள்வீச்சு கற்றுக்கொண்டவள். தொடரில் இவர்கள் ஆடுவது சேபர் என்ற வாள்வகை. நம் சென்னைப் பெண் பவானி தேவி ஆடுவதும் இதே வகைதான். இடுப்புக்கு மேல் உடம்பு, தலை, புயங்களில் தொட்டால் புள்ளி, குத்தலாம், வீசலாம், கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். அந்த ஆட்டத்துக்குள் இருந்து பார்த்தால் ஹிதோவின் குணம் பளிச்சென்று தெரியும். தோற்றுத் தோற்றே வளர்ந்தவள். அடி வாங்குவது அவளுக்குப் பழக்கம். விழுந்ததைச் சொல்ல அவளுக்கு வெட்கமே கிடையாது. இஜினுக்கு விழுந்தால் யாரும் பார்க்கக்கூடாது. பிற்பகல் மழை அக்கா சொன்ன கதவு அங்கேதான் இருக்கிறது.

பழைய நிருபர்:

இஜினைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள். அவன் பக்கத்தில் யாராவது நிற்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

செய்தி வேலை எப்படிப்பட்டது என்பதைத் தொடர் தெளிவாகவே சொல்கிறது. ஹிதோவின் அம்மா ஷின் ஜேகியோங் யூபிஎஸ் சேனலின் செய்தி வாசிப்பாளர். முக்கியச் செய்தி வந்துவிட்டது என்று கணவரின் இறுதிச் சடங்குக்கே போகாதவர். அந்தக் காயத்தோடு வளர்ந்தவள் ஹிதோ. அவள் காதலிக்கும் பையன் அதே சேனலில், அதே அம்மாவின் மேற்பார்வையில் நிருபராகச் சேருகிறான். நிருபன் தான் எழுதும் ஆளிடம் அதிகம் நெருங்கவும் கூடாது, அதிகம் விலகவும் கூடாது என்று அந்த அம்மாவே அவனுக்குப் பாடம் நடத்துகிறார். விளையாட்டுப் பிரிவில் இருந்துகொண்டு வீராங்கனையைக் காதலிப்பவனுக்கு அது எவ்வளவு பெரிய பொறி!

ஹிதோவின் போட்டியாளரும் பின்னர் தோழியுமான வாள்வீச்சு வீராங்கனை யூரிம் ரஷ்யக் குடியுரிமை வாங்கும் செய்தியை அவன்தான் முதலில் வெளியிடுகிறான். அவளுடைய அப்பா ஏற்படுத்திய விபத்துக்கு இழப்பீடு கட்டப் பணம் இல்லாமல்தான் அவள் போகிறாள், அதுவும் அவனுக்குத் தெரியும். எழுதாமல் இருந்தால் நிருபன் இல்லை, எழுதினால் மனிதன் இல்லை. பிறகு யூரிமைத் துரோகி என்று சுவரில் கிறுக்கியிருப்பதை அழித்துக்கொண்டே அவன் அழுவானே, அங்கே நான் தொடரை நிறுத்திவிட்டு எழுந்து வெளியே போய்விட்டேன்.

2004 சுனாமியின்போது நான் நாகப்பட்டினத்தில் செய்தி சேகரித்தேன். இரவு வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினால், 'சாப்பிட்டீர்களா' என்று மனைவி கேட்பதற்கு 'ம்' என்பதைத் தவிர எதுவும் வராது. பார்த்ததைச் சொன்னால் அது அவளுக்கும் போய்ச் சேர்ந்துவிடும் என்ற பயம். அதைக் கதவைச் சாத்துவது என்று நீங்கள் சொல்கிறீர்கள். நான் அதைக் காவல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிற்பகல் மழை:

ஐயா, நீங்கள் சொன்ன சுவர் காட்சியையே எடுத்துக்கொள்கிறேன். அங்கே ஹிதோ வருகிறாள். அவன் அழுவதைப் பார்க்கிறாள். உன் துக்கத்திலும் எனக்குப் பங்கு வேண்டும் என்கிறாள். குழாயடியில் போட்ட ஒப்பந்தத்தை அவளாகவே திருத்த வருகிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. அவனும் அந்த ஒரு முறை கொடுக்கிறான். நியூயார்க் போனதும் பழையபடி ஆகிவிடுகிறான்.

இடிபாடுகளுக்கு நடுவில் இறந்தவர்களின் குடும்பங்களைப் பேட்டி எடுத்துவிட்டு, ராத்திரி குடித்துவிட்டுக் கிடக்கிறான். அதெல்லாம் எனக்குப் புரிகிறது, அவனைப் பார்த்துப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் நிரந்தரமாக அங்கேயே செய்தியாளராக இருக்க விண்ணப்பித்ததை அவளிடம் சொல்லாமல் செய்தானே? அது காவலா? உங்கள் மனைவியிடம் கேட்காமல் நாகப்பட்டினத்திலேயே தங்கிவிட நீங்கள் விண்ணப்பம் போட்டிருப்பீர்களா?

பழைய நிருபர்:

போட்டிருக்க மாட்டேன். கேள்வியை நன்றாகத்தான் கேட்கிறீர்கள்.

நெய்தல்:

பொறுப்பு யாருடையது என்ற வழக்கை ஒரு நிமிடம் ஒத்திவைக்கலாமா? நம் பழைய அகப்பாட்டுகளில் பாதிக்கு மேல் இதுதானே. வேலைக்காகவோ பொருளுக்காகவோ தலைவன் சுரம் கடந்து போவான், அவள் வளை நெகிழக் காத்திருப்பாள். பாலைத்திணையில் பிறந்த நமக்கு, வினைமேல் போன ஒருவன் கொரியாவிலிருந்து வந்தால் மட்டும் ஏன் இவ்வளவு அதிர்ச்சி?

வாள்முனை:

ஏனென்றால் அந்தப் பாட்டுகளில் அவளுக்கு மாட்ரிட்டில் இறுதிப்போட்டி இருக்காது!

ஹிதோவுக்கும் வினை இருக்கிறது. அவளும் பயிற்சி முகாமில் அடைந்து கிடப்பவள், நாடு நாடாகப் போகிறவள். அவனால் வர முடியாதபோது இவள் காத்திருக்கிறாள், இவளால் முடியாதபோது அவன் காத்திருக்கிறான். காதலின் அறுநூறாவது நாளுக்குப் போட்ட பயணத் திட்டம்கூட அப்படித்தான் சரிகிறது. ஒருவர் போக, ஒருவர் இருக்க என்றால் பிரிவைத் தாங்கலாம். இருவருமே போய்க்கொண்டிருந்தால் யார் வீட்டில் விளக்கேற்றுவது? நான் இதைப் பெண்ணியமாகச் சொல்லவில்லை, போட்டிக்குப் போய்வந்த அனுபவத்தில் சொல்கிறேன். ஊருக்குத் திரும்பும்போது உடம்பு மட்டும்தான் திரும்பும்.

நெய்தல்:

நல்ல அடி. புள்ளி உங்களுக்கே.

மூன்றாம் மாடி:

இவ்வளவு பேசுகிறீர்கள், ஐஎம்எஃப் காலத்தைப் பற்றி யாருமே சொல்லவில்லையே? அது இல்லாமல் இஜினைப் புரிந்துகொள்ளவே முடியாது.

1997 இறுதியில் கொரியா பன்னாட்டு நிதியமான ஐஎம்எஃபிடம் கையேந்த வேண்டி வந்தது. பெரிய பெரிய கம்பெனிகள் வரிசையாகச் சரிந்தன. ஹிதோவின் பள்ளியில் வாள்வீச்சு அணியையே கலைத்துவிட்டதும் அதனால்தான். நாட்டின் கடனை அடைக்க மக்கள் வரிசையில் நின்று வீட்டுத் தங்கத்தைக் கொடுத்தார்கள், திரண்டது சுமார் 227 டன். கல்யாண மோதிரம், குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குப் போட்ட மோதிரம் எல்லாம் அதில் போயின.

இஜினின் அப்பா அம்மா கடன் தொல்லையிலிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றக் காகிதத்தில் விவாகரத்து செய்துகொள்கிறார்கள். பாசம் இருந்தும் பிரிந்து நிற்பதுதான் குடும்பத்துக்கு நல்லது என்று அந்தப் பையன் பார்த்து வளர்ந்த பாடம் அது. தான் விலகி நின்றால் ஹிதோ நன்றாக இருப்பாள் என்று அவன் நினைத்ததில் என்ன ஆச்சரியம்? சுபாவம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள் பிற்பகல் மழை. அந்தச் சுபாவத்தை யார் செய்தது என்றும் கேட்க வேண்டும்.

பிற்பகல் மழை:

இது என் கட்சிக்கே வலு சேர்க்கிறது, எடுத்துக்கொள்கிறேன். யார் செய்திருந்தாலும் சுமக்கிறவள் ஹிதோ அல்லவா?

கோலப்பொடி:

கல்யாண மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார்களா? நம் ஊரில் அப்படி அறிவித்தால் தங்கம் எல்லாம் ராத்திரியோடு ராத்திரியாக அரிசிப் பானைக்குள் போயிருக்கும்.

நீங்கள் எல்லாரும் நியாயம் பேசுகிறீர்கள். எனக்கு அந்த பஸ் நிறுத்தக் காட்சி மட்டும்தான் கண்ணில் நிற்கிறது. முந்தைய நாள் சுரங்கவழியில் இரண்டு பேரும் வாய்க்கு வந்ததைப் பேசிப் பிரிந்திருப்பார்கள். அப்படியே விட்டுவிட மனம் வராமல் இவள் ஓடி வருவாள். விமான நிலையம் போகும் பஸ் நிற்கும் இடம். இவளுடைய ஷூ லேஸ் அவிழ்ந்து கிடக்கும். அவன் ஒன்றும் பேசாமல் குனிந்து அதைக் கட்டிவிடுவான். மெதுவாக, சின்னப் பிள்ளைக்குக் கட்டுகிற மாதிரி. மேலே நின்று இவள் அழுவாள், கீழே அவனும் அழுவான். முடிச்சுப் போட்டு முடிந்தால் எழுந்திருக்க வேண்டுமே என்று அவன் கை தயங்கும். கோபம் எல்லாம் போய்விட்டது, பாசம் முழுசாக இருக்கிறது, ஆனாலும் பிரிகிறார்கள். இதற்கு நான் யாரைத் திட்டுவது?

கடைசி பெஞ்ச்:

அம்மா, அந்தக் காட்சியில் நடிப்பு பிரமாதம், மறுக்கவில்லை. கிம் தேரிக்கு அந்த ஆண்டு கொரியாவின் பேக்சாங் நடிப்பு விருது வந்தது சும்மா இல்லை. என் கேள்வி, பாசம் முழுசாக இருக்கிறது என்றால் ஏன் பிரிய வேண்டும் என்பதுதான். யூரிமும் அவள் காதலன் ஜியுங்கும் சேர்ந்துவிடுகிறார்கள். அவள் ரஷ்யாவில், அவன் கொரியாவில், பணமும் கிடையாது. அவர்களால் முடிந்தது இவர்களால் ஏன் முடியவில்லை?

வாள்முனை:

ஜியுங் எதையும் மறைக்க மாட்டான், அதனால்தான். அழுகை வந்தால் நடுரோட்டில் நின்று அழுவான். என் தோழிகளில் பாதிப் பேர் இஜினைக் காதலிக்கிறார்கள், கல்யாணம் என்று வந்தால் ஜியுங்கைத்தான் கேட்பார்கள்.

மூன்றாம் மாடி:

அதோடு, அந்த நால்வரில் அதிகம் வளர்ந்தது யார் என்று பார்த்தால் யூரிம்தான். பெயர் தெரியாமல் கணினி அரட்டையில் ஹிதோவுக்குத் தோழியாக இருந்தவள், நேரில் அவளை ஆகாது என்று நடத்தியவள். மாட்ரிட்டில் எதிரெதிர் நாட்டுக்காக ஆடி முடித்துவிட்டு இருவரும் கட்டிக்கொண்டு அழுவது எனக்கு பஸ் நிறுத்தத்தைவிடப் பெரிய காட்சி. இந்தத் தொடரின் உண்மையான காதல் கதை அவர்கள் இருவருடையது என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

பழைய நிருபர்:

பஸ் நிறுத்தத்தைவிட என்னை உலுக்கிய காட்சி ஒன்று உண்டு. யாரும் குறிப்பிடவில்லை. 2009-ஆம் ஆண்டுப் பேட்டி. ஹிதோ தங்கம் வென்றிருக்கிறாள். இஜின் இப்போது செய்தி வாசிப்பாளர். செயற்கைக்கோள் வழி நேரலையில், திரையில் அவள் முகம், அரங்கத்தில் அவன் முகம். சம்பிரதாயமான கேள்விகள், சம்பிரதாயமான பதில்கள். முடிவில் அவளுடைய திருமணத்துக்கு அவன் வாழ்த்துச் சொல்கிறான். நாடு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கிறது, ஒருவருக்கும் தெரியாது.

நேரலையில் உட்கார்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும். காதில் தயாரிப்பாளரின் குரல் ஓடிக்கொண்டே இருக்கும், இன்னும் எத்தனை நொடி என்று. அந்தக் குரலுக்கு நடுவில் அவன் அதைச் சொல்லி முடித்து, அடுத்த செய்திக்குப் போக வேண்டும். அழுவதற்குக்கூட நேரம் ஒதுக்கப்படாத பிரிவு. எழுத்தாளர் குவோன் தோயுன் அந்த ஒரு காட்சியை எழுதியதற்காகவே நான் மகளின் பெயர் விளையாட்டை மன்னித்துவிட்டேன்.

கடைசி பெஞ்ச்:

அந்தக் காட்சி வலுவானதுதான் சார். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் மன்னித்திருப்பேன். ஹிதோ தொலைத்த இன்னொரு நாட்குறிப்பு ஆண்டுகள் கழித்துத் திரும்பி வருவது, அதில் இஜின் எழுதி வைத்திருப்பதைப் படித்துவிட்டு நாற்பது வயது ஹிதோ அந்தச் சுரங்கவழிக்குப் போய், சொல்லாமல் விட்ட நல்ல வார்த்தைகளைக் கற்பனையில் சொல்லிக்கொள்வது... அது கொஞ்சம் இனிப்பு அதிகம். போதாக்குறைக்குப் பழைய கணக்கின் கடவுச்சொல்லை மீட்கும்போது 'முதல் காதல் யார்' என்ற கேள்விக்கு அவன் 'நா ஹிதோ' என்று அடிப்பான். கல்யாணம் ஆகிக் குழந்தையும் உள்ள ஒருத்தியின் பெயரை வைத்து நம்மை மறுபடி அழ வைக்க வேண்டுமா?

பிற்பகல் மழை:

கடவுச்சொல் காட்சியை விட்டுக்கொடுக்கிறேன், எனக்கும் அது தேவையில்லை. சுரங்கவழியை விடமாட்டேன். அங்கே பேசுவது அவர்களைச் சேர்த்து வைக்க அல்ல. கோபத்தில் பேசிய வார்த்தைகள்தான் கடைசி வார்த்தைகளாக நின்றுவிட்டன என்ற உறுத்தலோடு அவள் இத்தனை ஆண்டு இருந்திருக்கிறாள். பஸ் நிறுத்தத்தில் அழத்தான் முடிந்தது, பேச முடியவில்லை. அந்தக் கணக்கை அவள் தனியாகத் தீர்த்துக்கொள்கிறாள். அவனுக்கு அது தெரியப்போவதும் இல்லை. இதில் இனிப்பு எங்கே இருக்கிறது?

புதிய உறுப்பினர் 7:

விவாதத்துக்கு நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். அந்தச் சுரங்கவழி உண்மையில் இருக்கிறதா? அடுத்த ஆண்டு கொரியா போகலாம் என்று எண்ணம்.

மூன்றாம் மாடி:

இருக்கிறது. கதை சியோலில் நடப்பதாகக் காட்டினாலும் படம் பிடித்தது ஜியோன்ஜு நகரத்தில். ஹன்பியோக் குகைவழி என்று பெயர். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் ரயிலுக்காகக் குடைந்தது, இப்போது ரயில் கிடையாது. ஹனோக் எனப்படும் மரபு வீடுகள் இருக்கும் பகுதியிலிருந்து நடந்தே போகலாம், பக்கத்தில் ஓடை. நீங்கள் போகும்போது ஜோடிகள் புகைப்படம் எடுக்க வரிசையில் நிற்பார்கள். பிரிந்த இடத்தில் ஏன்தான் ஜோடியாக நிற்கிறார்களோ!

கோலப்பொடி:

கடைசி பெஞ்ச் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாசம் இருந்தால் ஏன் பிரிய வேண்டும் என்று கேட்டாய். என் வயதில் உள்ளவர்களைக் கேட்டுப்பார். பாசம் இல்லாமல் சேர்ந்திருக்கும் வீடுகளைப் பற்றி நீ ஒரு கேள்வியும் கேட்கவில்லையே?

கடைசி பெஞ்ச்:

அம்மா, இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் அந்தக் கிம் என்ற பெயருக்கான என் வழக்கை வாபஸ் வாங்க மாட்டேன்.

கோலப்பொடி:

வாங்காதே. நானும் வாங்கவில்லை. அடுத்ததாக மருமகள் இன்னொரு கொரியத் தொடரை எடுத்து வைத்திருக்கிறாள். முதலில் கடைசி எபிசோடைப் போடு, கல்யாணம் நடந்தால்தான் முதலிலிருந்து பார்ப்பேன் என்று சொல்லிவிட்டேன்.